காலத்துக்கு எல்லை வகுத்தவர்: திருவனந்தபுரத்தில் பெ. சுந்தரம் பிள்ளை

1897ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை மறைந்தபோது அவருக்கு வயது 42. ‘மனோன்மணீயம்’ அச்சேறி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் மகனாகப் பின்னாளில் நாடறியப்போகும் நடராஜனுக்கு அப்போது வயது ஆறு. அக்கால இந்தியாவின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் என்று மக்கள்தொகைக் கணக்குகளிலிருந்து மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த அளவுகோலில் 42 குறைந்த வயதன்று. ஆயினும் அத்தலைமுறையின் தமிழறிஞர் வரிசையைப் பார்த்தால் உள்ளம் கனக்கும். பரிதிமாற்கலைஞர் 33 வயதில் மறைந்தார். சுந்தரம் பிள்ளை பிறந்த அதே 1855இல் பிறந்த வி. கனகசபைப் பிள்ளை 51ஐத் தாண்டவில்லை. தங்களுக்குக் காலம் மிகுதியாக இல்லை என்பதை அறிந்தவர்கள்போலவே அவர்கள் எழுதினார்கள்.

இன்று தமிழ்நாட்டின் பள்ளிகளிலும் அரசு விழாக்களிலும் சுந்தரம் பிள்ளையின் பாடல் ஒலிக்கிறது. 1970 முதல் அது தமிழ்த்தாய் வாழ்த்து; 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. திருநெல்வேலிப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. இவ்வளவு நினைவுகூரப்படும் ஒருவரை மறக்கப்பட்டவர் என்று சொல்ல இயலாது. ஆனால் நினைவு ஒரு பாடலில் வந்து நின்றுவிட்டது. அவர் தத்துவப் பேராசிரியர் என்பதும், மனிதன் இறக்கிறான், பின் எஞ்சுவது எது என்ற கேள்வியை வாழ்நாள் முழுதும் வெவ்வேறு வடிவங்களில் எழுப்பியவர் என்பதும், அக்கேள்விக்கு அவர் அளித்த மிகக் கடினமான விடை கவிதையில் இல்லாமல் காலக்கணக்கில் கிடக்கிறது என்பதும் பேசப்படுவதில்லை.

ஆலப்புழையில் பிறந்த அவர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் (இன்றைய யுனிவர்சிட்டி கல்லூரி) பயின்று 1876இல் பி.ஏ., 1880இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். இடையில் திருநெல்வேலியில் ஆசிரியப் பணி. அங்கேதான் கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை ஞானகுருவாகக் கொண்டார். பின்னர்த் திருவனந்தபுரம் அரண்மனை அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, ராபர்ட் ஹார்வி வகித்த தத்துவப் பேராசிரியர் பதவிக்கு வந்தார். ஹார்வியிடம் அவர் கொண்டிருந்த மதிப்பு எத்தகையது என்பதற்குப் பேரூர்க்கடையிலிருந்த தம் இல்லத்துக்கு அவர் இட்ட ‘ஹார்விபுரம்’ என்ற பெயரே சான்று. ஒரு பக்கம் ஐரோப்பியத் தருக்கம் கற்பித்த ஆசான். மறுபக்கம் கோடகநல்லூர்த் துறவி. இவ்விருவரில் எவரையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1880களின் திருவனந்தபுரத்தை இன்றைய மாநில எல்லைகளோடு பொருத்திப் பார்த்தால் பிழை நேரும். நாஞ்சில்நாடு முழுதும் அன்று திருவிதாங்கூரின் பகுதி. தமிழ் பேசும் வணிகரும் எழுத்தரும் ஆசிரியரும் தலைநகரெங்கும் வாழ்ந்தார்கள். தைக்காட்டிலிருந்த ஆங்கிலேய ரெசிடென்சியில் மேற்பார்வையாளராக இருந்தவர் சுப்பராய பணிக்கர் என்னும் தைக்காடு அய்யா சுவாமிகள். பகலில் அலுவலர், மற்ற நேரத்தில் சிவராஜயோகி. சாதி பாராமல் எல்லோரையும் ஒரே பந்தியில் அமர்த்தியவர் என்று கேரள மறுமலர்ச்சி வரலாறு அவரைப் போற்றுகிறது. 1885இல் திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபை தோன்றியபோது அதன் பின்னணியில் அய்யா சுவாமிகளும் சுந்தரம் பிள்ளையும் இருந்தார்கள். பேராசிரியரின் சைவ விரிவுரைகளுக்கு அது மேடையாயிற்று. அய்யா சுவாமிகள் 1909இல் 95 வயதில் மறைந்தார். அவருடைய சமாதிக் கோயில் இன்றும் தைக்காடு மயானத்தை ஒட்டியே நிற்கிறது. நகரம் தன் பிணங்களை எரிக்கும் இடமும், மரணத்தைக் கடந்தவராகத் தான் நம்பும் ஒருவரை வணங்கும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிட்டன.

அச்சபையின் சூழலில் மரணம் பற்றிய விடை ஐயத்துக்கு இடமில்லாதது: உயிர் அழியாது, உடல் வந்து போவது, பாசம் நீங்கினால் வீடு. சுந்தரம் பிள்ளை இதை ஏற்றவர். ஆனால் இந்த விடையில் ஓர் இடைவெளி உண்டு. உயிர் அழியாதது என்று சொல்லிவிட்டால், குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட ஊரில் குறிப்பிட்ட ஆண்டுகளில் வாழ்ந்தார் என்ற செய்திக்கு என்ன மதிப்பு? தத்துவம் அதைத் துச்சமாகக் கருதலாம். அவர் கருதவில்லை. அவருடைய எழுத்து முழுதையும் இந்த இடத்தில் நின்று வாசிக்கலாம்.

முதலில் நாடகம். லிட்டன் பிரபுவின் ‘மறைவழி’ என்னும் ஆங்கிலக் கதைப்பாடலைத் தழுவி, ஆசிரியப்பாவில் ஐந்து அங்கங்களாக அமைந்தது மனோன்மணீயம். பாண்டிய மன்னன் பெயர் சீவகன். அமைச்சன் பெயர் குடிலன். குருவின் பெயர் சுந்தர முனிவர். சீவன், கோணல் புத்தி, குரு என்று பெயர்களே உருவகத்தைச் சொல்லிவிடுகின்றன. முனிவரின் பெயரில் கோடகநல்லூர்க் குருவின் பெயரும் ஒலிக்கிறது. குடிலன் பேச்சைக் கேட்டுச் சீவகன் திருநெல்வேலியில் தகர்க்க முடியாததெனக் கருதும் கோட்டை கட்டுகிறான். முனிவரோ யாருக்கும் தெரியாமல் அக்கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்க வழியைத் தோண்டுகிறார். கோட்டை தோற்கிறது, சுரங்கம் காக்கிறது. உடலும் செல்வமும் கோட்டை என்றும், மீளும் வழி உள்ளேயே இருக்கிறது என்றும் பொருள்கொள்வது எளிது. பலரும் அப்படியே கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்த நாடகத்தில் மிக ஆழமான இடம் கோட்டையோ சுரங்கமோ அல்ல. முனிவரின் மாணவனாகிய நடராசன் ஒரு வைகறையில் வயல்வெளியில் நின்று பேசும் காட்சி அது. புல்லின் நுனியிலிருக்கும் சிறு பூவைப் பார்க்கிறான். மண்ணைச் சுமந்து ஓடும் வாய்க்காலைப் பார்க்கிறான். பிறகு குனிந்து நாங்கூழ்ப் புழுவோடு பேசத் தொடங்குகிறான். கண்ணும் செவியும் இல்லாத அப்புழு மண்ணை உண்டு, மெத்தெனப் பொடியாக்கி, உழவனுக்கு நிலத்தைப் பண்படுத்தித் தருகிறது. பிறர் பார்வைக்கு அஞ்சி ஒளிகிறது. புகழ் வேண்டாத உழைப்பாளி என்று நடராசன் அதை வியக்கிறான். மண்புழுக்களின் செயலால் நிலவளம் உருவாவது பற்றிச் சார்லஸ் டார்வின் நூல் வெளியிட்டது 1881இல், மனோன்மணீயம் 1891. பத்தாண்டு இடைவெளியில் இங்கிலாந்து அறிவியலாளரும் திருவனந்தபுரத்துச் சைவரும் ஒரே உயிரைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள். வாழ்வின் பொருள் என்ன என்ற கேள்விக்கு நாடகம் தரும் உண்மையான விடை இங்கே இருக்கிறது: பெயர் தெரியாமல் மறைவது இழிவன்று, நிலம் பண்பட்டிருந்தால் போதும்.

அழகான விடைதான். ஆனால் சுந்தரம் பிள்ளையே அதில் முழுநிறைவு கொள்ளவில்லை என்பதை அவருடைய மற்றொரு பணி காட்டுகிறது. பெயரின்றி மறைவதைப் போற்றிய அதே மனிதர், மறைந்தவர்களின் பெயரையும் ஆண்டையும் தேடிக் கோயில் சுவர்களைத் துருவிக்கொண்டிருந்தார்.

இதற்குப் பாலமாக அமைவது நாடகத்தின் தொடக்கத்திலுள்ள தமிழ்த்தெய்வ வணக்கம். அரசு ஏற்றுக்கொண்ட வடிவில் விடப்பட்ட பகுதியில்தான் அழிவைப் பற்றிய சிந்தனை இருக்கிறது. பல உயிர்களையும் உலகங்களையும் படைத்து அழித்தும் தான் மாறாதிருக்கும் பரம்பொருளைப் போல, கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் துளுவும் தன்னிடமிருந்து பிறந்த பின்னும் தமிழ் இளமை மாறாதிருக்கிறது என்கிறார். ஆரிய மொழிபோல வழக்கொழியவில்லை என்றும் சேர்க்கிறார். மலையாள நாட்டின் தலைநகரில் இருந்துகொண்டு இதை எழுதியதில் ஒரு துணிவு உண்டு. பிற மொழியாரைப் புண்படுத்தும் கூறும் உண்டு. அரசு அப்பகுதியை விலக்கியதற்குக் காரணம் விளங்குகிறது. ஆனால் விலக்கியதால் பாடல் வெறும் புகழ்ச்சியாகிவிட்டது. மொழிகளும் சாகும் என்ற அச்சம் அதன் அடியில் இருந்தது. அது இப்போது கேட்பதில்லை.

அச்சம் காரணமற்றதன்று. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் திராவிட மொழிகளுக்குத் தனிக் குடும்பத்தைத் தந்தது. அதே நூல் தமிழ் இலக்கியத்தின் காலத்தை மிகவும் பிற்படுத்தியும் வைத்தது. திருஞானசம்பந்தர் காலத்துக் கூன்பாண்டியனை மார்க்கோ போலோ குறிப்பிடும் சுந்தர பாண்டியனோடு இணைத்து, சம்பந்தரை 13ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நிறுத்தினார் கால்டுவெல். மரபோ எதிர்த்திசையில் இழுத்தது. சம்பந்தர் மூன்று வயதில் ஞானப்பால் உண்டவர், பதினாறாம் வயதில் நல்லூர்ப் பெருமணத்தில் தம் திருமணத்துக்கு வந்த அத்தனைபேரோடும் சோதியில் கலந்தவர். அப்படிப்பட்டவருக்கு ஆண்டு எதற்கு என்பதே பக்தர்களின் மனநிலை. ஒரு தரப்பு அவரைத் தவறான நூற்றாண்டில் புதைத்தது. மறு தரப்பு அவருக்கு நூற்றாண்டே வேண்டாம் என்றது.

சுந்தரம் பிள்ளை இரு தரப்பையும் ஏற்கவில்லை. சம்பந்தரின் காலம் பற்றிய அவருடைய ஆங்கிலக் கட்டுரை 1890களில் இதழில் வெளிவந்து, 1895இல் தமிழ் இலக்கிய வரலாற்றின் மைல்கற்கள் என்ற பொருள்படும் தலைப்போடு நூலாயிற்று. அதன் முறை இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கத் தகுந்தது. சம்பந்தர் எந்த ஆண்டு பிறந்தார் என்று அவர் கேட்கவில்லை. எந்த ஆண்டுக்குப் பிறகு அவர் வாழ்ந்திருக்க முடியாது என்று கேட்டார். அதாவது பின்னெல்லை. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் சம்பந்தரைப் பழங்காலத்தவராகப் பாடுகிறார். அவருக்கு முன் நம்பியாண்டார் நம்பி. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் ராஜராஜன் திருப்பதியம் பாடுவோரை நியமித்த கல்வெட்டு. அதற்கும் முன் சுந்தரரின் அடியார் வரிசை. சங்கரர் பெயரில் வழங்கும் சௌந்தர்யலகரியில் வரும் திராவிடச் சிசு. ஒவ்வொரு சான்றாக அடுக்கிப் படிப்படியாகக் காலத்தைப் பின்னுக்குத் தள்ளி, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குச் சென்று நின்றார்.

இவற்றுள் சில சான்றுகள் இன்றைய ஆய்வாளருக்கு வலுக்குறைந்தவை. சௌந்தர்யலகரி சங்கரருடையதுதானா என்பதே வழக்குக்குரியது. ஆனால் ஒரு கண்ணி தளர்ந்தாலும் மற்றவை தாங்கும்படியே அவர் கட்டியிருந்தார். அதே ஆண்டுகளில் கல்வெட்டறிஞர் வெங்கையா வேறொரு சான்றைக் காட்டினார். சம்பந்தர் தம் பதிகத்தில் பாடும் செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டர், பெரியபுராணத்தின்படி வாதாபியை அழித்த படைத்தலைவர். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றியது 642ஐ ஒட்டி. சம்பந்தரின் காலம் 7ஆம் நூற்றாண்டு என்பது அதோடு உறுதிப்பட்டது; பின்வந்த வரலாற்று நூல்கள் அதன்மேல் கட்டப்பட்டவை. கால்டுவெல்லின் கணக்கில் இருந்த அறுநூறு ஆண்டுப் பிழை இப்படி நீங்கியது.

இதில் இனப்பெருமை இல்லையா? இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் திருவனந்தபுரம் வந்தபோது அவரைச் சந்தித்த சுந்தரம் பிள்ளை, திராவிடன் என்ற முறையில் தம்மை இந்து அமைப்புக்குப் புறம்பானவராகக் கருதுவதாகச் சொன்னார் என்று, விவேகானந்தரைத் தம் இல்லத்தில் தங்கவைத்த கே. சுந்தரராம ஐயர் எழுதியிருக்கிறார். (பெயர் நெருக்கத்தால் இவ்விருவரையும் ஒருவராகக் கொள்ளலாகாது.) தம் முன்னோர் யார், இறந்தவர்களில் யாருக்குத் தாம் கடன்பட்டவர் என்பதில் பேராசிரியருக்குத் தெளிவான நிலைப்பாடு இருந்தது. எனினும் பெருமை மட்டுமே நோக்கமாயிருந்தால் சம்பந்தரை இன்னும் ஆயிரம் ஆண்டு முன்னே தள்ளியிருக்கலாம். அப்படித் தள்ளியவர்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. சான்று அனுமதித்த இடத்தில் அவர் நின்றார். அந்த நிறுத்தத்தில்தான் தத்துவப் பேராசிரியர் தெரிகிறார்.

1894இல் வெளிவந்த திருவிதாங்கூரின் முற்கால அரசர்கள் பற்றிய ஆய்வும் இதே இயல்புடையது. 1878இல் பி. சங்குண்ணி மேனன் எழுதிய திருவிதாங்கூர் வரலாறு மரபுச் செய்திகளைப் பெரிதும் சார்ந்திருந்தது. சுந்தரம் பிள்ளை கல்லுக்குப் போனார். நாஞ்சில்நாட்டுக் கோயில்களிலும் திருவனந்தபுரத்தைச் சுற்றிய ஊர்களிலும் வட்டெழுத்திலும் தமிழிலும் பொறித்த சாசனங்களைப் படியெடுத்தார். கொல்லம் ஆண்டு, மாதம், நாள், வியாழன் நின்ற ராசி என்று அவை தரும் குறிப்புகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, 12, 13ஆம் நூற்றாண்டு வேணாட்டு மன்னர் சிலரை வரிசைப்படுத்தினார். கோதை கேரளவர்மன், வீர ரவிவர்மன், வீர ராமவர்மன், ரவி கேரளவர்மன் என்று அதுவரை யாரும் அறியாத பெயர்கள் ஆண்டோடு எழுந்து வந்தன. மணலிக்கரைச் சாசனத்தை அவர் தனியே போற்றினார். விளைச்சல் பொய்க்கும் காலத்தில் வரி எவ்வாறு அமைய வேண்டும் என்று அரசனின் அதிகாரிகளும் ஊர்ச்சபையும் கலந்து முடிவுசெய்ததைச் சொல்லும் 13ஆம் நூற்றாண்டுக் கல் அது. வீரக்கதைகளைவிட அவர் கண்ணில் அது உயர்ந்து நின்றது.

இத்தகைய கற்களில் பெரும்பாலானவை உண்மையில் மரணத்தைப் பற்றியவை. ஒருவர் கோயிலுக்கு விளக்கு வைக்கிறார். சந்திரசூரியர் உள்ளவரை எரிய வேண்டும் என்கிறார். நெய்க்கு 96 ஆடுகளை, சில இடங்களில் 90 ஆடுகளை, இடையரிடம் ஒப்படைக்கிறார். சோழர் கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கும். ஆடு சாகும், மூப்படையும்; ஆனால் ஈனும் குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்கப்பட வேண்டும், நாள்தோறும் நெய் அளக்கப்பட வேண்டும். உயிர்கள் போய்வரும்போதும் எண் நிலைத்திருக்கும் என்ற இந்தக் கணக்கில் நம் முன்னோர் அழியாமையைக் கண்டார்கள். எந்தத் தத்துவ நூலிலும் இல்லாத தெளிவு இந்த நிர்வாகச் சொல்லில் இருக்கிறது.

அவ்விளக்குகளில் பெரும்பாலானவை அணைந்துவிட்டன. ஆடுகள் இல்லை, இடையர் பரம்பரை இல்லை, அறக்கட்டளை இல்லை. கொடுத்தவர் விரும்பியது சுடர், எஞ்சியது எழுத்து. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு கல்லூரி ஆசிரியர் சுண்ணாம்பைச் சுரண்டி, அப்பெயரை வாய்விட்டுப் படித்தபோதுதான் கொடையின் நோக்கம் எதிர்பாராத வழியில் நிறைவேறியது. நாங்கூழ்ப் புழுவைப் போற்றியவரே கல்லில் பெயர் தேடியதன் முரண் இங்கே கொஞ்சம் இளகுகிறது. தான் புகழ் நாடாதிருப்பது ஒருவரின் அறம். பிறர் பெயர் அழிய விடாதிருப்பது அதிலிருந்து வேறுபட்ட கடமை. இறந்தவர் அதைத் தாமே செய்துகொள்ள முடியாது. சரியான ஆண்டைத் திருப்பித் தருவது அவர்களுக்குச் செய்யக்கூடிய மிகக் குறைந்த, ஆனால் மிக நேர்மையான கடன்.

அவருடைய சொந்த உடைமைகளுக்குக் காலம் இரக்கம் காட்டவில்லை. நாடகம் வெளிவந்த 1891இலேயே பிறந்து, நாங்கூழ்ப் புழுவோடு பேசியவனின் பெயரைத் தாங்கிய மகன் பி. எஸ். நடராஜ பிள்ளை, திருவிதாங்கூரின் பொறுப்பாட்சிப் போராட்டத்தில் ஈடுபட்டார். சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் ஹார்விபுரம் பறிமுதலாயிற்று. 1954இல் பட்டம் தாணு பிள்ளை அமைத்த திருவிதாங்கூர்–கொச்சி அமைச்சரவையில் நடராஜ பிள்ளை நிதியமைச்சரானார். நிலச்சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தார். பெருநிலத்தை இழந்த குடும்பத்தின் பிள்ளை நிலமற்றவருக்காகச் சட்டம் எழுதினார் என்பதைக் கேரளத்திலும் இன்று அதிகம் பேர் நினைவுகூர்வதில்லை. அமைச்சராக இருந்தபோதும் ஓலைக்கூரை வீட்டில் எளிமையாக வாழ்ந்தவர் என்பது தலைநகரில் வழங்கும் செய்தி. 1962இல் திருவனந்தபுரம் தொகுதியிலிருந்து சுயேச்சையாக மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1966 ஜனவரியில் மறைந்தார்.

பேரூர்க்கடையில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி அவர் பெயரில் நடக்கிறது. அப்பெயருக்கு முன்னிற்கும் முதலெழுத்துகளுள் ‘எஸ்’ என்பது சுந்தரம் பிள்ளையைக் குறிப்பது.